பேஜ்மேக்கரில் அடித்த கடைசி ஆய்வேடு

1. நூலகத்திலிருந்து வந்த போன்

பல்கலைக்கழக நூலகத்திலிருந்து ரேவதி போன் செய்தபோது நான் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"சார், இது தமிழே இல்லன்றாங்க சார்."

"எதும்மா?"

"என் தீசிஸ்தான். காப்பி செக் பண்ற சாஃப்ட்வேர்ல போட்டாங்க. ஒரு தமிழ் எழுத்துகூட இல்ல, மொத்தமும் இங்கிலீஷ் எழுத்தா வருதாம். கவுன்டர்ல இருக்கறவரு சிரிக்கறாரு. இத வாங்க மாட்டோம்னு திருப்பிக் குடுத்துட்டாங்க."

"அப்படியா? இன்னொரு தடவை போட்டுப் பாக்கச் சொல்லேன்."

"ரெண்டு தடவை போட்டாச்சு சார். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள சப்மிட் பண்ண ரசீது காட்டலன்னா திருப்பத்தூர் வேலை போயிடும். உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ்த் துறையில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்ததற்கான ரசீது இருந்தால் அவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு வைத்த கெடுதான் அந்த வெள்ளிக்கிழமை. அவள் பேசியது திங்கட்கிழமை காலை.

போனில் நான் ஆச்சரியப்பட்டவன் போலப் பேசினேன். உண்மையில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. இப்படி ஒரு போன் ஏதாவது ஒரு நாள் வரும் என்று ஆரம்பத்திலிருந்தே எனக்குத் தெரியும்.

2. எதில் எழுதினால் நல்லது?

வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்தில், பாத்திரக் கடை ஒன்றின் மாடியில் நான் டி.டி.பி. சென்டர் நடத்திவந்தேன். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கும்பாபிஷேக நோட்டீஸ் எல்லாம் உண்டு. ஆனால் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது ஆய்வேடுதான். தமிழில் எம்.ஏ. முடித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன் என்பதால் பேராசிரியர்கள் தங்கள் மாணவர்களை என்னிடம் அனுப்புவார்கள். "சந்திப்பிழை இருந்தா அவரே பாத்துப்பாரு" என்று சொல்லி அனுப்புவார்கள். அதைக் கேட்க எனக்கு மிகவும் பிடிக்கும்.

ரேவதிக்குப் பள்ளிகொண்டா பக்கத்தில் ஒரு கிராமம். ஆம்பூரில் ஷூ ஃபேக்டரி ஒன்றில் ஃபினிஷிங் லைன் சூப்பர்வைசராக இருந்துகொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்துவந்தாள். தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களின் பேச்சில் புழங்கும் சொற்கள்தான் அவளுடைய தலைப்பு. தோல், பதனிடுகிற ட்ரம்மில் இறங்குவதிலிருந்து ஷூவாகி அட்டைப்பெட்டிக்குள் போவது வரைக்கும் யார் யார் கைக்கு மாறுகிறதோ அவர்கள் எல்லோரிடமும் உட்கார்ந்து பேசிச் சேர்த்திருந்தாள். தமிழ், உருது, தெலுங்கு, இங்கிலீஷ் எல்லாம் கலந்த சொற்கள். ஒவ்வொரு சொல்லையும் முதலில் தமிழிலும், பக்கத்தில் உச்சரிப்பை ஆங்கில எழுத்திலும், அதற்கடுத்துப் பொருளையும் கொடுக்க வேண்டும். கடினமான வேலை. நல்ல வேலையும்கூட.

என்னிடம் வருகிற ஆய்வாளர்கள் பெரும்பாலும் எல்லாம் எழுதி முடித்த பிறகு, கடைசி மாதத்தில், கையெழுத்துப் பிரதியோடு ஓடி வருவார்கள். ரேவதி எழுதத் தொடங்கும் முன்பே வந்தாள். வந்ததும் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சார், எதுல எழுதினா நல்லது? வேர்டா, பேஜ்மேக்கரா? எங்க மாமா பையன் விக்னேஷ் இன்ஜினியரிங்ல பிஎச்.டி. பண்றான். அவன் லேடெக்ல எழுதுன்றான்."

என் ஆபரேட்டர் ஷமீம் மானிட்டரிலிருந்து தலையைத் தூக்கினார். கடை ஆரம்பித்த நாளிலிருந்து என்னோடு இருந்தவர்.

"லேடெக்ஸா? அது ஷூ ஒட்டற பசை இல்ல?"

"எங்க லைன்ல டப்பா டப்பாவா கெடக்குதுக்கா" என்று ரேவதி சிரித்தாள். "நானும் மொதல்ல அதான் நெனச்சேன். இது வேறயாம். தலைப்பு, அடிக்குறிப்பு, பொருளடக்கம் எல்லாம் அதுவே போட்டுக்குமாம்."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னேன். "இங்கிலீஷுக்கு சரிம்மா. தமிழுக்கு ஒத்து வராது. எழுத்து உடைஞ்சிடும். கொம்பு ஒரு பக்கம் நிக்கும், கால் ஒரு பக்கம் நிக்கும்."

"அப்ப வேர்டு?"

"வேர்டுல பக்கம் நிக்காது. இங்க சரியா இருக்கும், வேற மெஷின்ல தொறந்தா ஓடிடும். தீசிஸ்னா பேஜ்மேக்கர்தான். நீ எழுதிக் குடு, மத்தத நாங்க பாத்துக்கறோம்."

அவள் நிம்மதியோடு தலையாட்டினாள்.

அன்று எனக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியாது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். லேடெக்கை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. பல வருடங்களுக்கு முன்னால் யாரோ கொண்டுவந்த ஒரு தாளில் தமிழ் எழுத்து உடைந்திருந்ததைப் பார்த்திருந்தேன், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னேன். வேர்டில், எந்தக் கம்ப்யூட்டருக்குப் போனாலும் தமிழாகவே நிற்கிற யூனிகோடு எழுத்துருவில் தமிழ் அடிக்கலாம் என்பது நன்றாகவே தெரியும். அரசு அலுவலகங்களுக்குப் போகிற மனுக்களைக் கடையில் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தோம். ஷமீம் கற்றிருந்த பழைய தட்டச்சு விசை முறையிலேயே யூனிகோடும் அடிக்கலாம் என்பதால், அவருக்குக் கஷ்டம் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.

பேஜ்மேக்கர் பக்கம் வடிவமைக்கிற பழைய மென்பொருள். அதில் நாங்கள் பயன்படுத்திய பழைய தமிழ் எழுத்துரு ஒரு வேஷம் மாதிரி. திரையிலும் தாளிலும் தமிழாகத் தெரியும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அந்த எழுத்துருவை நீக்கிவிட்டால் எந்த மொழியும் மிஞ்சாது. இதுவும் எனக்குத் தெரியும்.

காசுக்காகச் செய்தேன் என்றால்கூட ஒரு மாதிரி புரிந்துகொள்ளலாம். திருத்தத்துக்கு நான் கூலி வாங்கியதே இல்லை. அவள் தானே வேர்டிலோ வேறெதிலோ எழுதிக்கொண்டால் மாடிப்படி ஏறி என்னிடம் வரத் தேவையிருக்காது. ஆய்வாளர்கள் அப்படி ஒவ்வொருவராக வராமல் போய்க்கொண்டிருந்த காலம் அது. என்னிடம் வந்து கேட்க இன்னும் ஒருவர் இருக்கிறார் என்பதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

3. அடிக்குறிப்புகள்

பேஜ்மேக்கரில் அடிக்குறிப்பு தானாக வராது. பக்கத்தின் அடியில் தனிப் பெட்டி போட்டு, சின்ன எழுத்தில் அடித்து, கையால் நகர்த்தி வைக்க வேண்டும். மேலே ஒரு பத்தி கூடினால் வரிகள் அடுத்த பக்கத்துக்குப் போகும். அடிக்குறிப்பு மட்டும் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதற்கப்புறம் வருகிற எல்லாப் பக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டும்.

ரேவதியின் நெறியாளர் திரையில் படிக்க மாட்டார். தாளில் எடுத்துக் கொடுத்தால் சிவப்பு மையால் திருத்துவார். ரேவதி அதை ஆம்பூரிலிருந்து ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறிக் கொண்டுவருவாள். நாங்கள் திருத்தி மறுபடியும் பிரிண்ட் எடுத்துக் கொடுப்போம். ஒரு சுற்று முடியவே வாரக்கணக்கில் ஆகும். ஒருமுறை நெறியாளர் அம்மாவே எனக்குப் போன் செய்தார்.

"என்னங்க, நாலாவது இயலை ரெண்டாவதா மாத்தச் சொன்னேன். இயலை மாத்திட்டு உள்ள இருக்கற எண்ணையெல்லாம் அப்படியே விட்டிருக்கீங்க? 'முன் இயலில் கண்டது போல'ன்னு இருக்கு. முன் இயல்ல எதையும் காணோமே?"

"பாத்துடறேன் மேடம்."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க."

ஷமீம் தலையில் கை வைத்துக்கொண்டார். "மேடத்துக்கு இன்னா, ஒரு கோடு கிழிச்சு அம்புக்குறி போட்டுட்டாங்க. இங்க ஒரு மாசம் பேஜார்."

இப்படியே நாள் போயிற்று. சித்திரைக்குள் முடிந்திருக்க வேண்டிய ஆய்வேடு, கல்லூரி சொன்ன கெடுவுக்குச் சில நாள் முன்னால்தான் நூலகத்துக்குப் போனது. அந்தத் தாமதத்துக்கு நெறியாளரின் சிவப்பு மைதான் காரணம் என்று அப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தொழில் வழக்கங்கள் இரண்டை இங்கே குறிப்பிட வேண்டும். ஒன்று, மூலக் கோப்பை யாருக்கும் கொடுக்க மாட்டோம். பி.டி.எஃப். மட்டும்தான் கொடுப்போம். மூலக் கோப்பு வெளியே போனால் அடுத்த திருத்தத்துக்கு வேறு கடைக்குப் போய்விடுவார்கள் என்ற பயம். வேலூரில் எல்லாக் கடையிலும் இதுதான் வழக்கம். இரண்டாவது நன்றியுரை. அதன் கடைசியில், "இவ்வாய்வேட்டைச் செம்மையாகவும் பிழையின்றியும் கணினியச்சு செய்து உதவிய" என்று தொடங்கி என் பெயரோடு முடிகிற ஒரு வரியை நானே சேர்த்துவிடுவேன். எந்த ஆய்வாளரும் அதை எடுக்கச் சொன்னதில்லை.

4. "ஃபான்ட் இல்லம்மா"

நூலகத்திலிருந்து போன் வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்னால் நடந்தது இது. ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்புவதற்காக ரேவதி என் பி.டி.எஃப்.பிலிருந்து இரண்டு பக்கத்தைக் காப்பி செய்து தன் லேப்டாப்பில் ஒட்டியிருக்கிறாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்துவிட்டாள்.

"இன்னா சார் இது, எலி கடிச்ச மாதிரி இருக்கு?"

திரை முழுவதும் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் டாலர் குறியுமாக இருந்தது.

அப்போது இரண்டு இயல்கள்தான் அடித்து முடித்திருந்தோம். "தப்பா ஆரம்பிச்சுட்டேன், யூனிகோடுக்கு மாத்திடலாம்" என்று சொல்லியிருந்தால் சில வாரங்களில் எல்லாம் சரியாகியிருக்கும். நேரம் நிறைய இருந்தது.

"உன் சிஸ்டத்துல நம்ம ஃபான்ட் இல்லம்மா. அதான் இப்படித் தெரியுது."

"வேற ஒண்ணும் பிரச்சன இல்லியே?"

"ஒரு பிரச்சனையும் இல்ல."

அந்த எழுத்துருவை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அவள் லேப்டாப்பில் அதைப் போட்டதும் தமிழ் தெரிந்தது. "சூப்பர் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அப்படி நினைத்துத்தான் அன்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

5. அந்த வாரம்

நூலகம் திருப்பி அனுப்பிய திங்கட்கிழமை மதியமே ரேவதி ஃபேக்டரிக்கு லீவ் சொல்லிவிட்டுக் கடைக்கு வந்தாள். பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றுகிற கன்வெர்ட்டர்கள் உண்டு. அதில் போட்டால் அரை மணியில் முடிந்துவிடும் என்று சொன்னேன்.

தமிழ் நன்றாகத்தான் மாறியது. ஆனால் கன்வெர்ட்டருக்கு எது தமிழ், எது நிஜமான ஆங்கிலம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால் ஆங்கிலத்தையும் சேர்த்து மாற்றிவிட்டது. உச்சரிப்பு, ஆங்கில நூல்பட்டியல், இயந்திரங்களின் பெயர் எல்லாமே வாயில் நுழையாத தமிழ் எழுத்துக் குவியலாகிவிட்டன. சாதாரண ஆய்வேடாக இருந்தால் ஒரு நாளில் சரிசெய்திருக்கலாம். இது வரிக்கு வரி ஆங்கிலம் கலந்த சொற்பட்டியல்.

ஷமீம் சத்தமாகப் படித்துப் பார்த்தார். "சார், இது இன்னா பாஷை? ஜின்னு பேசற மாதிரி இருக்கு."

ரேவதி சிரிக்கவில்லை. போனில் விக்னேஷைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் பேசிவிட்டு என்னிடம் வந்தாள்.

"சார், பேஜ்மேக்கர் ஃபைல் வேணுமாம். அதுல எந்த வார்த்தை எந்த ஃபான்ட்னு இருக்குமாம்ல? தமிழ் ஃபான்ட்ல இருக்கறத மட்டும் மாத்தற மாதிரி ஒரு ப்ரோக்ராம் எழுதிடுவானாம். ஃபைலைக் குடுங்க சார்."

"ஃபைல் குடுக்கற வழக்கம் இல்லம்மா. நாங்களே முடிச்சுடறோம்."

"நாள் இல்லியே சார்."

"ஷமீம் வேகமா அடிப்பாங்க. கவலப்படாத."

செவ்வாய், புதன், வியாழன். ரேவதி பழைய பிரிண்ட்டை வைத்துக்கொண்டு வாசிக்க, ஷமீம் ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்தார். கீழே கைவண்டிக்காரர்கள் கத்திக்கொண்டே போவார்கள், இவள் இன்னும் சத்தமாக வாசிப்பாள். புதன்கிழமை அவள் மறுபடியும் கேட்டாள். நான் மறுபடியும் வழக்கத்தைச் சொன்னேன். வியாழக்கிழமை அவள் சாப்பிடப் போயிருந்தபோது ஷமீம் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"குடுத்துடுங்க சார். இன்னா, சொத்துப் பத்திரமா அது?"

"ஒனக்குத் தெரியாது ஷமீம். ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க."

"எல்லாரும்னா யாரு சார்? கடைக்கு வர்றதே இந்த ஒரு பொண்ணுதான்."

அப்போதும் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை நூலகம் மூடுகிற நேரத்தில் பட்டியல் பாதிதான் முடிந்திருந்தது. ரேவதி கல்லூரிக்குப் போன் செய்து இரண்டு நாள் கேட்டாள். காத்திருக்க முடியாது, அடுத்தவரைக் கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் போனை வைத்துவிட்டு, "சரி சார்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. அதன் பிறகுதான் நான் மூலக் கோப்பை அவளுடைய பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். காப்பாற்றி வைக்க அதற்கப்புறம் எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் விக்னேஷ் எல்லாவற்றையும் மாற்றிவிட்டான். திங்கட்கிழமையே கொடுத்திருந்தால் புதன்கிழமை ரசீது அவள் கையில் இருந்திருக்கும்.

6. ஃபேக்டரி வாசல்

அடுத்த மாதம் ரேவதி ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். அவசரம் போய்விட்டதால் விக்னேஷ் அதை நிதானமாக லேடெக்கில் போட்டுக் கொடுத்திருந்தான். வாய்மொழித் தேர்வு முடிந்ததும் ஒரு பிரதியை ஷமீமுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் அப்போது கடையில் இல்லை. பிறகு எடுத்துப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட உடையவில்லை. கொம்பும் காலும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அடிக்குறிப்புகள் அந்தந்தப் பக்கத்தில் இருந்தன. நன்றியுரையின் கடைசியில் ஷமீமின் பெயர் இருந்தது. என் வரி இல்லை.

அந்த வாரமே பஸ் ஏறி ஆம்பூர் போனேன். ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் ஃபேக்டரி வாசலுக்கு எதிரே நின்றேன். கூட்டத்தில் அவள்தான் என்னை முதலில் பார்த்தாள்.

"இன்னா சார், இவ்ளோ தூரம்?"

"ஒண்ணு சொல்லணும்மா. நீ லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தியே, ஃபான்ட் இல்லன்னு சொன்னேனே. அது பொய். என்ன பிரச்சனைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். மொத நாளே தெரியும்."

அவள் தோள் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள்.

"விக்னேஷ் அன்னிக்கே சொன்னான் சார்."

"அன்னிக்கேவா?"

"பஸ்ல போறப்பவே அவனுக்குப் போன் பண்ணேன். ஃபான்ட் பிரச்சன இல்ல, அவரு அடிக்கறதே பழைய முறை, இப்பவே மாத்திடுன்னான். எனக்குக் கோவம் வந்துடுச்சு. உங்க மேல இல்ல, அவன் மேல. 'நீ பொறக்கறதுக்கு முன்னாலருந்து அவரு தீசிஸ் அடிக்கறாரு, உனக்கு இன்னாடா தெரியும்'னு திட்டிட்டு கட் பண்ணிட்டேன்."

கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. லைனில் வேலை செய்யும் பெண்கள் இரண்டு பேர் ஜன்னல் வழியாக, "யக்கா, யாரு மாப்ள வீட்டுக்காரரா? சீக்கிரம் வா" என்று கத்தினார்கள். அவள் அவர்களைப் பார்த்துக் கையை ஓங்கிக் காட்டினாள்.

"நன்றில உங்க பேர எடுத்துட்டேன் சார்."

"பாத்தேம்மா. அதுதான் சரி."

"கோவத்துல எடுக்கல. அது நான் எழுதின வரியே இல்லியே சார்."

வேலைக்கு வேறு எங்காவது போட்டிருக்கிறாயா என்று கேட்டேன். ரெண்டு மூணு இடத்தில் போட்டிருப்பதாகச் சொன்னாள். "நாளைக்கு பையர் ஆடிட் சார், ஷூ வாங்கற கம்பெனிக்காரங்க வந்து பாப்பாங்க, காலைல சீக்கிரம் வரணும். வர்றேன்" என்று சொல்லி பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். போகும்போது ஜன்னலிலிருந்து தலையசைத்தாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்குத் தகுதியில்லை.

பிறகு கடையை ஒரேயடியாக மூடினேன். மூடும் முன்பு, பழைய கோப்புகளில் யாருடைய விலாசம் கிடைத்ததோ அவர்களுக்கெல்லாம் மூலக் கோப்பை அனுப்பிவைத்தேன். பலர் பதில் போடவில்லை. சிலர் இது எதற்கு என்று கேட்டார்கள்.

ஆய்வேட்டை எதில் எழுதலாம் என்று இன்னும் அவ்வப்போது யாராவது போனில் கேட்கிறார்கள். எதில் அடித்தாலும் யூனிகோடில் அடியுங்கள் என்கிறேன். முதல் நாளே ஒரு பக்கம் அடித்து, பி.டி.எஃப். ஆக்கி, அதிலிருந்து நாலு வரியைக் காப்பி செய்து உங்கள் போனில் யாருக்காவது அனுப்பிப் பாருங்கள், தமிழாகவே போய்ச் சேர்ந்தால் மேற்கொண்டு எழுதுங்கள் என்கிறேன். அடிக்குறிப்பையும் இயல் எண்ணையும் மென்பொருளே போட வேண்டும், கையால் போடாதீர்கள். மூலக் கோப்பு உங்களிடம் இருக்கட்டும், தர மறுக்கிற கடைக்குப் போகாதீர்கள்.

வேர்டா, லேடெக்கா என்று கேட்டால், வேர்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். லேடெக் எனக்கு இன்றும் தெரியாது. கேட்கிறவர்களிடம் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.